வலது கைக்கு ஐந்து வேளை

கச்சால்
24.11.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நந்தகுமார் எழுதுகிறேன். நீ போனை எடுக்கவில்லை. விழுந்த நாளிலிருந்து இன்றோடு நாற்பத்தேழு நாள். எடுக்காதது உன் கோபமா, இந்தத் தீவில் டவர் இருக்கிற லட்சணமா என்று எனக்கே பாதி நாள் குழப்பம். பவர்ஹவுஸ் மேட்டில் ஏறி நின்றால்தான் ஒரு கோடு வருகிறது, அதுவும் பேச ஆரம்பித்தால் போய்விடுகிறது. அதனால் பேப்பரை எடுத்துவிட்டேன். நாளைக்கு என்னோடு வேலை பார்க்கிற அழகர்சாமி கப்பல் ஏறுகிறான். குட்வில் எஸ்டேட்டுக்கு வந்து உன் மெஸ்ஸிலேயே கொடுப்பான். அவனுக்கு ஒரு சாப்பாடு போட்டு அனுப்பு.

மாவுக்கட்டு பிரித்த விஷயம் அத்தான் வசந்தாவுக்கு அனுப்பிய மெசேஜில் தெரிந்தது. மணிக்கட்டு எலும்பு கூடிவிட்டதாம், ஆனால் கை மடங்கவில்லை, உள்ளங்கை மேலே திரும்பவில்லையாம். தினமும் ஐந்து வேளை பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறார்களாம். ஜனவரிக் கடைசிக்குள் வந்ததுதான் வரும், வராதது அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னாராமே.

அக்கா, அன்றைக்கு வண்டியை ஓட்டியது நான். மழையில் அந்த இறக்கத்து வளைவில் பிரேக் பிடித்தது நான். எனக்கு முட்டியில் சிராய்ப்பு, உனக்கு வலது கை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தான் எல்லார் முன்னாலும் "பொறுப்புகெட்ட பய" என்றார். அது சரிதான். நீ மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. திட்டவாவது செய்திருக்கலாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். டிசம்பர், ஜனவரி உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். இந்த ஒரு சீசனுக்கு மெஸ்ஸை மூடிவிடு. கையைப் பார்.

உன் தம்பி,
நந்து

*

குட்வில் எஸ்டேட், போர்ட் பிளேர்
2.12.2023

நந்து,

எழுதுவது நம் மெஸ் புஷ்பா, சொல்வது நான். எழுத்துப் பிழைக்கு அவளைத் திட்டு, மற்றதற்கு என்னை.

டிசம்பரில் மெஸ்ஸை மூடச் சொல்கிறாயே, உனக்கு மூளை கீளை இருக்கிறதா? மழைக்காலம் முழுக்க ஈ ஓட்டினோம். இப்போதுதான் மூன்று ரூமும் நிறைந்திருக்கிறது, மதியம் நாற்பது இலை விழுகிறது. மெயின்லேண்டில் ஸ்கூல் லீவு விட்டால் எங்களுக்கு லீவு போச்சு என்று அர்த்தம். அத்தான் விடிவதற்கு முன்னால் வேனை எடுத்துக்கொண்டு போனால் பொழுது சாய்ந்துதான் வருகிறார். இதில் மூடணுமாம்!

கை பற்றிக் கேட்டாய். கை எனக்குச் சொந்தமானது போலவே இல்லை. மேசை மேல் வைத்தால் கவிழ்ந்தே கிடக்கிறது. திருப்பு என்றால் தோள் திரும்புகிறது, கை திரும்பமாட்டேன் என்கிறது. இத்தனை பேருக்குச் சோறு போடுகிறவள் மூலையில் உட்கார்ந்து ஸ்பூனில் தின்கிறேன். நேற்றுக் கோயிலில் விபூதி வாங்கக் கையை நீட்டினேன், ஐயர் எதில் போடுவது என்று தெரியாமல் நின்றார். இடது கையை நீட்ட மனசு வரவில்லை. வாங்காமலே வந்துவிட்டேன்.

பயிற்சி ஐந்து வேளை, வேளைக்குப் பத்து நிமிஷம். காலை ஆறு, ஒன்பதரை, மதியம் ஒன்று, நான்கு, ராத்திரி எட்டு. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆறு மணிக்கு இட்லி. ஒன்பதரைக்கு ரூம் காலி செய்கிறவர்கள். ஒரு மணிக்குப் பந்தி. நான்கு மணிக்குப் புது கெஸ்ட். எட்டுக்குச் சப்பாத்தி. அந்தப் பிசியோதெரபிப் பெண் என் கடை மணியைப் பார்த்துத்தான் நேரம் குறித்தாளோ என்னவோ.

ஒரு கூத்து கேள். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் கும்பிடுகிற மாதிரி வைத்து, அப்படியே கீழே இறக்கணும். வாசல் மேசையில் நின்று செய்துகொண்டிருந்தேன். கல்கத்தாவிலிருந்து வந்த குடும்பம் உள்ளே நுழைந்தது. அவர்கள் எல்லாரும் கும்பிட்டார்கள். நான் இறக்கவில்லை, அவர்களும் இறக்கவில்லை. ஒரு நிமிஷம் மாறி மாறிக் கும்பிட்டுக்கொண்டே நின்றோம். எனக்குச் சிரிப்பு வந்து, அன்றைக்குப் பயிற்சி அதோடு சரி.

இன்னொன்றும் சொன்னாள். தினமும் பேனா பிடித்து ஒரு பக்கம் எழுதணுமாம், விரலுக்கு அதைவிட நல்லது கிடையாதாம். உன் பெயரை எழுத ஆரம்பித்தேன். 'ந' வரைக்கும் வந்தது.

வண்டி விஷயம் இப்போது வேண்டாம். அதை இன்னொருத்தியை வைத்துக்கொண்டு எழுத முடியாது.

(எனக்கென்ன, நான் எழுதத் தயார். அக்காதான் உதட்டைக் கடித்துக்கொண்டு நிறுத்திவிட்டார். - புஷ்பா)

வைஜெயந்தி

*

கச்சால்
9.12.2023

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. வாங்காத விபூதியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

மூடு என்று சொன்னது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்த வேலையை வைத்து ஒன்று சொல்கிறேன், கேள். கரண்ட் ஓடுகிற லைனில் கை வைத்து ரிப்பேர் செய்ய முடியாது. ஷட்டவுன் எடுக்கணும். பத்து நிமிஷம் கரண்ட் போனால் ஊரே கத்தும். "யோவ், மிக்ஸி நின்னுபோச்சு," "டிவில மேட்ச் போயிட்டிருக்கு" என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கத்தட்டும் என்று கம்பத்தில் ஏறினால்தான் வேலை நடக்கும். சும்மா இருக்கிற நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் லைன் எப்போது சும்மா இருக்கிறது? உன் மெஸ்ஸும் அப்படித்தான். அது சும்மா இருக்கிற நேரத்தில் நீ தூங்குவாய்.

நானும் இங்கே அதே ஐந்து வேளை கையை மடக்குகிறேன். நேற்று முன்தினம் தொடங்கினேன். கும்பிடுவதும் செய்கிறேன். வசந்தா முதல் நாள் சிரித்தாள், இப்போது அவளே "மணி ஒண்ணாகப் போகுது, உங்க அக்கா காத்திருப்பாங்க" என்று கூப்பிடுகிறாள். என் கைக்கு ஒன்றும் இல்லைதான். நீ அங்கே தனியாக நின்று செய்வதை நினைத்தால் எனக்குச் சும்மா உட்கார முடியவில்லை.

வண்டி விஷயம் வேண்டாம் என்றாய். சரி. ஆனால் எத்தனை நாளைக்கு?

நந்து

*

போர்ட் பிளேர்
19.12.2023

நந்து,

எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நீ கவலைப்படாமல் கம்பத்தில் ஏறு.

உன் ஷட்டவுன் யோசனை நல்ல யோசனைதான், ஆனால் எனக்கு அதைவிட நல்ல யோசனை கிடைத்திருக்கிறது. எலுமிச்சம்பழ அளவு மாவு எடுத்து அழுத்தி அழுத்திப் பிசையச் சொல்லியிருந்தாள் அந்தப் பிசியோதெரபிப் பெண். எலுமிச்சம்பழ அளவு எதற்கு? பரோட்டா மாஸ்டர் முருகானந்தம் அக்கா கல்யாணம் என்று மெயின்லேண்ட் போய்விட்டான், தினமும் எட்டுக் கிலோ மைதா பிசையணும். அதை நானே பிசைகிறேன். வேலைக்கு வேலையும் ஆச்சு, எக்சர்சைஸுக்கு எக்சர்சைஸும் ஆச்சு. தேங்காய் துருவுவதும் திருகுகிற பயிற்சிதான். குழம்பு அண்டாவில் கரண்டி போட்டுக் கிளறுவதும் அதுதான். ஐந்து வேளை என்ன, நான் ஐம்பது வேளை செய்கிறேன். உட்கார்ந்து வெறும் கையை ஆட்டிக்கொண்டிருக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேலைக்காரர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது முதலாளியம்மா மேசையில் கையை வைத்துக்கொண்டு விரல் மடக்கினால் என்ன நினைப்பார்கள்?

கிறிஸ்துமஸுக்கு மூன்று ரூமும் ஃபுல். ஹாலில் கூடுதலாக இரண்டு பாய். உனக்கும் வசந்தாவுக்கும் அதிரசம் கொடுத்து அனுப்புகிறேன்.

வைஜெயந்தி

(அண்ணா, அக்கா எண்ணெய்ச் சட்டியைப் பார்க்கப் போன நேரத்தில் எழுதுகிறேன். ஒழுங்காக ஒன்றும் நடக்கவில்லை. மாவு பிசைந்துவிட்டுக் கையைப் புடவைக்குள் மறைத்துக்கொள்கிறார். சாயங்காலத்தில் வளையல் ஏறவில்லை. "அக்கா, டாக்டர்ட்ட போவோம்"னு சொன்னால் "ஜனவரி பொறக்கட்டும்டி" என்கிறார். நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள். - புஷ்பா)

*

கச்சால்
28.12.2023

அக்கா,

எட்டுக் கிலோவா? உனக்குப் பைத்தியமா? கட்டுப் பிரித்து ஒரு மாசம்தான் ஆகிறது. எலுமிச்சம்பழ அளவு என்றால் எலுமிச்சம்பழ அளவுதான். இது வேலையில்லை அக்கா. வேலை செய்யும்போது கை தனக்கு வலிக்காத வழியைத்தான் தேடும். நீ தோளால் பிசைந்திருப்பாய், இடுப்பால் பிசைந்திருப்பாய். மடங்காத மணிக்கட்டு மடங்காமலேதான் இருந்திருக்கும்.

இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். அரை மணி கழித்து மறுபடியும் எடுத்தேன். ஏனென்றால் உன்னைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

இருபதாம் தேதியிலிருந்து இருபத்தாறு வரை நான் ஒரு வேளைகூடச் செய்யவில்லை. இங்கே கிறிஸ்துமஸ் என்றால் கிராமத்துக்குக் கிராமம் விளக்கு, சர்ச்சுக்குச் சர்ச் ஒலிபெருக்கி, நடுவில் புட்பால் டோர்னமென்ட். ஜெனரேட்டர் தாங்கவில்லை. யார் கூப்பிட்டாலும் ஓடினேன். எனக்குக் கை உடையவில்லை, வலி இல்லை, நாற்பது இலை இல்லை. அப்படியிருந்தும் ஏழு நாளில் பத்து நிமிஷம் கிடைக்கவில்லை. நேரம் இல்லை என்று வசந்தாவிடம் சொன்னேன். அது பொய். அந்த ஏழு நாளில் இரண்டு மேட்ச் முழுசாக நின்று பார்த்தேன். மற்றவர்கள் கூப்பிட்டால் உடனே எழுந்திருக்கிறேன். என் உடம்பு கூப்பிட்டால் மட்டும் "இரு, வர்றேன்" என்கிறேன். அது பாவம், இரண்டாவது தடவை கூப்பிடுவதில்லை.

நீயும் அப்படித்தான். ஒரே வயிற்றில் பிறந்தோம், வேறு எப்படி இருப்போம்?

நேற்றிலிருந்து மறுபடி தொடங்கிவிட்டேன். தயவுசெய்து டாக்டரிடம் போ. என்மேல் இருக்கிற கோபத்தைக் கைமேல் காட்டாதே.

நந்து

*

போர்ட் பிளேர்
3.1.2024

நந்து,

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே போய்விட்டேன். போகவைத்தது கை. முப்பதாம் தேதி காலையில் வீங்கிப்போய், விரல் ஐந்தும் மினுமினுவென்று நின்றது. இட்லித் தட்டு நழுவி விழுந்தது.

பிசியோதெரபிப் பெண் கையைத் தொட்டுப் பார்த்தாள். மாவு கதையைச் சொன்னேன். அவளுக்கு என் வயசில் பாதி இருக்கும், என்னை உட்காரவைத்து, "தீதி, காம் அலக் ஹை, எக்சர்சைஸ் அலக் ஹை" என்றாள். வேலை வேற, எக்சர்சைஸ் வேற. நீ எழுதினதையே அவள் இந்தியில் சொன்னாள், அவ்வளவுதான். நாலு நாள் ஓய்வாம். டிசம்பரில் கொஞ்சம் திரும்பியிருந்த கை பழைய இடத்துக்கே போய்விட்டது. இருபத்தைந்தாம் தேதி டாக்டர் அளந்து பார்ப்பார். அப்போதும் இப்படியே இருந்தால் சென்னைக்குப் போய் ஆபரேஷன், அதுவும் நிச்சயம் சொல்ல முடியாதாம்.

நந்து, பயமாக இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. புஷ்பா, இதையும் எழுது.

நியூ இயர் அன்று ஹாலில் நாற்பத்திரண்டு பேர். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வேலையும் நிற்கவில்லை. ரசம் மட்டும் கொஞ்சம் உப்பு. நான் இல்லாவிட்டால் கடை கவிழ்ந்துவிடும் என்று பன்னிரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேனே, அது ஒரு திமிர்தான் போல. அழுகையும் வந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

(ரசத்தில் உப்பு சரியாகத்தான் இருந்தது. - புஷ்பா)

இன்றைக்குச் சுவரில் ஒரு அட்டை மாட்டினேன். தமிழிலும் இந்தியிலும். "மதியம் ஒரு மணி முதல் ஒன்றேகால் வரை பரிமாறமாட்டோம்." பந்தி உச்சத்தில் இருக்கிற நேரம் அதுதான், தெரிந்தேதான் போட்டேன். மற்ற நான்கு வேளையை நழுவவிட்டால்கூட இதை விட முடியாது, நாற்பது பேர் சாட்சி. மதுரையிலிருந்து வந்திருக்கிற சந்திரசேகர் என்று ஒரு ரிட்டயர்டு ஆபீசர் சண்டைக்கே வந்துவிட்டார். "என்னம்மா இது, பசியோட வந்தவனை உக்காரவச்சு வேடிக்கை காட்டுறீங்க!" என்றார். கையைக் காட்டினேன். அப்புறம் அவர்தான் வாட்ச்சைப் பார்த்து, "இன்னும் மூணு நிமிஷம் இருக்கும்மா, ஏமாத்தக் கூடாது" என்றார்.

வைஜெயந்தி

*

கச்சால்
11.1.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அட்டை மாட்டியதைப் படித்து வசந்தாவும் நானும் சத்தம் போட்டுச் சிரித்தோம். நேற்று ஒரு மணிக்குக் கம்பத்து உச்சியில் இருந்தேன். இறங்கி வந்து ரோட்டோரத்தில் நின்று செய்துவிட்டு மறுபடி ஏறினேன். கூட வந்தவன் "பாய், கியா ஹுவா?" என்றான், என்ன ஆச்சு என்று. "அங்கே எங்கக்கா கடையை நிறுத்திட்டு நிக்குது, நான் கம்பத்த நிறுத்தக்கூடாதா?" என்றேன். அவனுக்குத் தமிழ் தெரியாது. தலையை ஆட்டினான்.

இருபத்தைந்தாம் தேதி நெருங்க நெருங்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கை வராவிட்டால் நீ என்னை மன்னிக்க வேண்டாம். வந்துவிட்டாலும் ஒரு தடவை வாய்விட்டுத் திட்டிவிடு. இந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை அக்கா. நீ அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என் முகத்தைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாயே, அதுதான் கண்ணை மூடினால் வருகிறது.

நந்து

*

போர்ட் பிளேர்
29.1.2024

நந்து,

கோணல் மாணலாக இருக்கும். பொறுத்துப் படி. இது புஷ்பா எழுத்து இல்லை.

நான்கு நாளாக எழுதுகிறேன். ஒரு மணி ஷட்டவுனில் பயிற்சி முடித்ததும் மிச்சம் இருக்கிற நேரத்தில் நாலு வரி. அதற்கு மேல் விரல் இழுத்துக்கொள்கிறது. யாருக்கும் காட்டவில்லை.

முதலில் கை. டாக்டர் இருபத்தைந்தாம் தேதி அளந்தார். முக்கால்வாசி திரும்புகிறது. ஆபரேஷன் வேண்டாம் என்றார். முழுசாக வராது என்றும் சொன்னார். இன்னும் ஆறு மாசம் விடாமல் செய்தால் கொஞ்சம் கூடலாம், விட்டால் இறுகிவிடும். வீட்டுக்கு வந்து சோறு பிசைந்து கையால் சாப்பிட்டேன். பாதி மடியில் சிந்தியது. அத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்துபோய் மோர் கொண்டுவந்து ஊற்றினார்.

இப்போது மற்றது.

நந்து, அன்றைக்கு நீ மெதுவாகத்தான் ஓட்டினாய். மழை விடட்டும் அக்கா, கொஞ்சம் ஒதுங்கி நிற்போம் என்று மீன் மார்க்கெட் வாசலிலேயே சொன்னாய். பதினான்கு கெஸ்ட் மதியச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள், எனக்கு உடம்பெல்லாம் பறந்தது. "நிக்கவெல்லாம் நேரமில்லடா" என்றேன். இறக்கத்தில் உன் முதுகில் தட்டித் தட்டி "ஜல்தி ஓட்டுடா, ஜல்தி" என்றேன். அதற்கு அப்புறம்தான் நீ வேகம் எடுத்தாய்.

அத்தான் உன்னை எல்லார் முன்னாலும் பேசியபோது எனக்குக் காது நன்றாகக் கேட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. சொன்னால் "இந்தக் கடை கடை என்று அலைந்து கையை உடைத்துக்கொண்டாய்" என்பார், கடையை மூடச் சொல்வார் என்று பயந்தேன். அதனால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். உன்மேல் கோபம் என்று நீயே நினைத்துக்கொண்டாய். நானும் நினைக்க விட்டேன். உன் போனை எடுக்காததற்குக் காரணம் கோபம் இல்லை. எடுத்தால் நீ மன்னிப்புக் கேட்பாய், அதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

நீ அங்கே ஐந்து வேளை கையை மடக்கினாய் என்று படித்தபோதே உண்மையைச் சொல்லியிருக்கணும். புஷ்பாவிடம் இதைச் சொல்லி எழுதவைக்க வாய் வரவில்லை. என் கையாலேயே எழுதணும் என்று இருந்தேன். கை வராமல் போயிருந்தால் சொல்லாமலே இருந்திருப்பேனோ என்னவோ. அதை நினைத்தால்தான் எனக்கு என்மேல் ஆத்திரமாக வருகிறது.

நேற்று அத்தானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் உனக்குத் தனியாக எழுதுகிறேன் என்றார். என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியாது.

என்னைத் திட்டு. நீ கேட்டதை இப்போது நான் கேட்கிறேன்.

உன் அக்கா,
வைஜெயந்தி

*

கச்சால்
5.2.2024

அக்கா,

நீ தட்டியது எனக்குத் தெரியாதா? என் முதுகுதானே அது.

முதல் நாளிலிருந்தே தெரியும். ஆனால் ஆக்சிலரேட்டர் என் கையில் இருந்தது. நீ ஆயிரம் சொல்லியிருந்தாலும் நான் மெதுவாகப் போயிருக்கலாம். அதனால் என் பங்கு என்னிடமே இருக்கட்டும். உன் பங்கை நீயே வந்து எடுத்துக்கொள்வாய் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன். வராமல் போய்விடுவாயோ என்று சில நாள் பயந்தேன், அது உண்மை. சில நாள் உன்மேல் ரொம்பக் கோபமும் வந்தது. அந்தக் கோபத்தில்தான் எட்டுக் கிலோ மாவுக்கு உன்னை அப்படித் திட்டினேன்.

பதினெட்டாம் தேதிக் கப்பலில் டிக்கெட் கிடைத்திருக்கிறது. பத்து நாள் இருப்பேன். காலையில் மீனுக்கு ஜங்லிகாட் மார்க்கெட் வரைக்கும் நடந்தே போய்விட்டு நடந்தே வருவோம். கெஸ்ட் காத்திருக்கட்டும்.

நந்து